பக்தவத்சலத்தின் அடிக்குரல்

குளியலறைக்குள்ளிருந்து பக்தவத்சலம் “வந்தார்… வந்தார்…” என்று ஒரே சுருதியில் இழுத்துக்கொண்டிருந்தபோது, அடுப்படியில் சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்த பவுன் கட்டையை நிறுத்திவிட்டு வாசலை எட்டிப் பார்த்தாள். யாரும் இல்லை. “யாரு வந்தாங்க?” என்று குளியலறைக் கதவைப் பார்த்துக் கேட்டாள். உள்ளே சத்தம் அடங்கியது. பிறகு தேவைக்கு மேல் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்தவர், வேலையிடத்தில் யாரோ பாடியது வாயில் ஒட்டிக்கொண்டுவிட்டது என்று சொன்னார். அன்றைக்கு சாயங்காலம் யூனியன் கூட்டம் இருக்கிறது, வர நேரமாகும் என்றும் சொன்னார். சப்பாத்தி டப்பாவை சைக்கிளில் மாட்டிக்கொண்டு முதல் ஷிஃப்டுக்குக் கிளம்பிவிட்டார். இரண்டுமே பொய். கல்யாணமாகி இருபது வருஷத்தில் அவர் பவுனிடம் பொய் சொன்ன சந்தர்ப்பங்கள் மிகக் குறைவு. அதில் பாதி இந்தப் பத்து நாட்களுக்குள் வந்தவை.

விஷயம் ஆரம்பித்தது நவம்பர் மூன்றாம் வாரத்தில். அது தொண்ணூற்றாறாம் வருஷம். பூனாவை ஒட்டி, கிர்க்கியில் உள்ள தளவாடத் தொழிற்சாலையில் பக்தவத்சலம் லேத் ஓட்டுகிறவர். அவர் கடைந்து தரும் உருப்படிகளை அளந்து பார்த்து முத்திரை வைப்பது ஸ்டீபனின் வேலை. இரண்டு பேருக்கும் நடுவில் நாற்பதடி தூரமும் பதினாறு இயந்திரங்களும் இருந்தன. அந்த இரைச்சலில் மற்றவர்கள் பேச வேண்டுமென்றால் காதருகே போய்க் கத்த வேண்டும். பக்தவத்சலத்துக்கு அது தேவைப்படவில்லை. அவர் சாதாரணமாகப் பேசினாலே குரல் இரைச்சலுக்கு அடியில் புகுந்து அந்தக் கோடி வரை போய்ச் சேர்ந்துவிடும். கேட் மீட்டிங்கில் கோஷம் போட அவரைத்தான் முன்னால் நிறுத்துவார்கள். மைக் வேண்டாம்.

ஸ்டீபன், பூனாவின் கேம்ப் பகுதியில் இருக்கும் தமிழ்க் கிறிஸ்தவ சபையின் பாடகர் குழுவை நடத்துகிறவர். நாசரேத் பக்கத்துக் குடும்பம். தாத்தா காலத்திலேயே பூனாவுக்கு வந்துவிட்டார்கள். குழுவில் அடிக்குரல் பாடிக்கொண்டிருந்தவருக்கு ஜபல்பூருக்கு மாற்றல் வந்துவிட்டது. கிறிஸ்துமஸுக்கு ஐந்து வாரம்தான் இருந்தது. கேன்டீனில் டப்பாவைத் திறக்காமலே உட்கார்ந்திருந்த ஸ்டீபன், பக்தவத்சலம் மோரை ஊற்றிப் பிசைந்து முடிக்கும் வரை காத்திருந்து விஷயத்தைச் சொன்னார்.

“நீ கும்பிட வேண்டாம் பக்தா. ஜெபத்துக்கு நிக்க வேண்டாம். கீழ ஒரு நோட்டு மட்டும் போடணும், பாத்துக்கோ. கீழ ஆளில்லாம எல்லாம் அந்தரத்துல நிக்குது.”

கேட்டுக்கொண்டிருந்த மேசை முழுக்கச் சிரித்தது. சாமி இல்லை என்று பேசுவதில் பக்தவத்சலம் அந்தத் தொழிற்சாலையில் பெயர் பெற்றவர். ஆயுத பூஜைக்கு எல்லா இயந்திரங்களுக்கும் பொட்டு வைப்பார்கள். அவருடைய லேத் மட்டும் எண்ணெய் துடைத்து மொட்டையாக நிற்கும். கல்யாணம் தாலி இல்லாமல், மாலை மாற்றி நடந்தது. மகளுக்கு வெண்ணிலா என்று பெயர் வைத்தார். பள்ளியில் அவளை எல்லாரும் வெனிலா என்று கூப்பிடுகிறார்கள் என்பது வேறு விஷயம். அப்படிப்பட்டவரைச் சபைக்குக் கூப்பிடுகிறாயே என்று மற்றவர்கள் ஸ்டீபனைக் கிண்டல் செய்தார்கள். பக்தவத்சலம் கையைக் கழுவிக்கொண்டு வந்து, வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்கு என்று கேட்டார். ஒரு தடவை போய்ப் பார்ப்போம் என்ற குறுகுறுப்பு. அதோடு, அங்கே யாராவது மதம் மாற்றும் பேச்சை எடுத்தால் கேட்பதற்கு நாலைந்து நல்ல கேள்விகள் அவரிடம் பல வருஷமாகத் தயாராக இருந்தன.

யாரும் எடுக்கவில்லை. சபைக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஹாலில் அவரையும் சேர்த்துப் பதினெட்டுப் பேர் இருந்தார்கள். நர்சுகள், ஒரு வங்கி கிளார்க், லோஹேகாவ் விமானப்படைக் குவார்ட்டர்ஸிலிருந்து ஸ்கூட்டரில் வந்த ஒரு கணவன் மனைவி. எல்லாரும் வேலை முடிந்து வந்த களைப்போடு இஞ்சி டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஸ்டீபனின் மனைவி ஷீலா ஒரு சின்ன கீபோர்டின் முன்னால் உட்கார்ந்து, அவர் பாட வேண்டியதை ஒற்றை விரலால் வாசித்துக் காட்டினார். பாட்டு ஸ்டீபனின் அப்பா எழுதி மெட்டமைத்தது. மாட்டுக் கொட்டகை, குளிர், விழித்திருக்கும் இடையர்கள் என்று போகும். பெண்களுக்கெல்லாம் வளைந்து வளைந்து மேலேறும் அழகான மெட்டு. பக்தவத்சலத்துக்கு வந்தது ஆறு எண்ணிக்கைக்கு ஒரே ஸ்வரம். பிறகு ஒரு படி கீழே. மறுபடி அதே ஸ்வரம். வார்த்தையும், கடைசி வரி போக, “வந்தார்” என்ற ஒன்றுதான். பந்தியில் கடைசியாக உட்கார்ந்தவனுக்குச் சட்டியைச் சுரண்டிப் போட்டது போலிருந்தது அவருக்கு. நட்புக்காகச் செய்து கொடுத்துவிட்டுப் போவோம் என்று நினைத்துக்கொண்டார்.

அப்புறம் ஸ்டீபன் கையைத் தூக்கினார்.

பெண்கள் மேலே ஆரம்பித்தார்கள். அதற்குக் கொஞ்சம் கீழே இன்னொரு வரிசை வேறு எங்கோ போயிற்று. ஆண்களில் சிலர் மூன்றாவதாக ஒரு வழியில் கிளம்பினார்கள். பக்தவத்சலம் ஷீலாவின் தலையசைப்பைப் பார்த்துத் தன் ஒற்றை ஸ்வரத்தைப் போட்டார். அவர் வாயிலிருந்து போன சத்தம் அவருடையதாகத் திரும்பி வரவில்லை. மேலே போய்க்கொண்டிருந்த அத்தனையும் அவர் மேல் வந்து உட்கார்ந்தது. நெஞ்செலும்பு அதிர்ந்தது. காலுக்கடியில் சிமெண்ட் தரை அதிர்ந்தது போலவும் இருந்தது. அவர் ஒரு படி கீழே இறங்கியபோது மொத்தக் கூரையும் கூடவே திரும்பியது. இதுவரை அவருக்குத் தெரிந்த பாட்டெல்லாம், ரேடியோவில் வருவதானாலும் ஊர்வலத்தில் பாடுவதானாலும், எல்லாரும் ஒரே தண்டவாளத்தில் ஓடுவது. அவர் கோஷம் போடுவார், எண்ணூறு பேர் அதையே திருப்பிச் சொல்வார்கள். இங்கே நாலு கூட்டம் நாலு விஷயத்தைச் சொல்கிறது, ஒன்று இன்னொன்றுக்கு விட்டுக்கொடுக்கவில்லை, ஆனால் இடிக்கவும் இல்லை. பாதிப் பாட்டில் பக்தவத்சலம் சத்தமாகச் சிரித்துவிட்டார். எல்லாரும் நின்றார்கள். அவருக்கு வெட்கமாகிவிட்டது. மன்னிப்புக் கேட்டுவிட்டு, முழங்கை மயிரெல்லாம் குத்திட்டு நிற்க, இன்னொரு தடவை போடலாமா என்று கேட்டார்.

அன்றைக்கு வீடு திரும்பும்போது அவர் ஏற வேண்டிய பஸ் முன்னால் வந்து நின்று போனது. அவர் பார்க்கவே இல்லை. ஸ்டேஷன் வரை நடந்தார். அடுத்த நாட்களில் உலகம் முழுக்க அடிக்குரலாகக் கேட்டது. தொழிற்சாலையின் காற்றழுத்த இயந்திரம் கிட்டத்தட்ட தன்னுடைய ஸ்வரத்தில்தான் பாடுகிறது என்று கண்டுபிடித்து, அதோடு சேர்ந்து முனகிக்கொண்டே லேத் ஓட்டினார். மாவு மில், தண்ணீர் மோட்டார், மேட்டில் திணறும் லாரி, எல்லாவற்றுக்கும் மேலே யாராவது பாடினால் எப்படியிருக்கும் என்று யோசித்தார். நாற்பத்து நாலு வயதில், காதல் வந்தவன் போல சைக்கிளைத் தேவையில்லாமல் வேகமாக மிதித்தார். ஒத்திகை வாரத்துக்கு மூன்று நாள். மூன்று நாளும் யூனியன் கூட்டம் என்றார். வார்த்தைகளைப் பற்றி முதல் வாரம் அவர் யோசிக்கவேயில்லை. யார் வந்தார் என்பது அவருக்குப் பொருட்டாகவே இல்லை. அந்த ஸ்வரம் வந்து நெஞ்சில் உட்கார்வதுதான் வேண்டியிருந்தது.

தாபோடியில் ஒரு சின்ன வாசகசாலையில் ஞாயிறுதோறும் கூடும் பகுத்தறிவு நண்பர்களில் சுப்ரமணியனிடம் மட்டும் சொன்னார். சுப்ரமணியன் சிரிக்கவில்லை. அவர் யோசித்துப் பேசுகிறவர். வாய் பழகினால் மனசும் மெல்லப் பழகும், நம்மை அப்படித்தான் சின்ன வயதில் பழக்கினார்கள் என்றார். ஒரு வருஷம் பாடினால் இரண்டாம் வருஷம் கண்ணை மூடிக்கொண்டு பாடுவாய் என்றார். பக்தவத்சலம் அதை மறுத்துப் பேசினார். பேசிவிட்டு வந்த பிறகு, தான் ஏற்கெனவே கண்ணை மூடிக்கொண்டுதான் பாடுகிறோம் என்பது நினைவுக்கு வந்தது. சாமிக்காக அல்ல, அடுத்தவர் ஸ்வரம் நன்றாகக் கேட்பதற்காக. ஆனால் பார்க்கிறவனுக்கு இரண்டும் ஒன்றாகத்தானே தெரியும்?

டிசம்பர் முதல் வாரத்தில் வீட்டில் தெரிந்துவிட்டது. சொன்னது வெண்ணிலா. பதினைந்து வயது. அவளுடைய தோழி ஷபானாவின் அண்ணி வீடு கேம்பில் அந்த ஹாலுக்கு எதிரில் இருந்தது. ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தட்டு வைக்கும்போது வெண்ணிலா கண்ணெல்லாம் பளபளக்கக் கேட்டாள்.

“அப்பா, நீங்க சர்ச்ல பாடறீங்களாமே? ஷபானா பாத்தாளாம். உன் பப்பா ஏக்தம் மஸ்த், அவ்ளோ சூப்பரா பாடறார்னு சொன்னா. எங்களுக்கு ஏன் சொல்லல?”

பவுன் அப்போதுதான் பிம்ப்ரியிலிருந்து வந்து முகம் கழுவியிருந்தாள். அங்கே மருந்துக் கம்பெனியில் அவளுக்கு பேக்கிங் வேலை. பகல் முழுக்க நின்றுகொண்டே கண்ணாடிக் குப்பிகளை அட்டைப் பெட்டியில் அடுக்குவது. அவள் மூன்று தட்டிலும் சோறு போட்டாள். குழம்பு ஊற்றினாள். வெண்ணிலா சாப்பிட்டுவிட்டுப் படிக்கப் போனாள். பிறகு, தட்டை நகர்த்தாமல் உட்கார்ந்திருந்தவரைப் பார்க்காமலே சொன்னாள்.

“இருவது வருசத்துல நான் ஒரு கற்பூரம் ஏத்தும்போது எம் பக்கத்துல நின்னதில்ல நீங்க.”

“அது கும்புடறது இல்ல பவுனு. பாட்டு. ஸ்டீபனுக்கு ஆள் இல்லன்னு…”

“எங்க கோயில்லயும் பாட்டுதான் பாடறாங்க.”

அவள் குரலை உயர்த்தவில்லை. தட்டுகளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பக்தவத்சலம் காய்ந்த கையோடு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். கிர்க்கியில் பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மாரியம்மன் கோயிலுக்குப் பவுன் போவது அவருக்குத் தெரியும். போகாதே என்று அவர் சொன்னதில்லை. அதைத் தன் பெருந்தன்மை என்று நினைத்திருந்தார். வெண்ணிலாவுக்குக் காது குத்தியபோது அவர் சாலைக்கு அந்தப் பக்கம் டீக்கடையில் நின்றுகொண்டிருந்தார். குழந்தையின் அழுகை அங்கே வரை கேட்டது. ஒரு டீயைக் குடித்துவிட்டு இன்னொரு டீ சொன்னார். ஆடி மாதம் பவுன் கூழ்ப் பானையைத் தலையில் வைத்துக்கொண்டு போகும்போது பின்னால் போகும் குடும்பங்களில் எல்லாப் புருஷன்மாரும் இருப்பார்கள், ஒருவரைத் தவிர. அவள் அதைப் பற்றி ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கேட்காததால் அது அவளுக்குப் பெரிதில்லை என்று அவர் எடுத்துக்கொண்டார்.

ஏன் அங்கே முடிந்தது, இங்கே முடியவில்லை? தனக்குத் தானே ஒளிக்காமல் யோசித்துப் பார்த்தார். திருப்பத்தூர்ப் பக்கம் அவர்கள் ஊரில் அவருடைய அப்பாவைக் கோயில் வாசலோடு நிறுத்திவைத்தார்கள். எந்த வாசலில் நிறுத்தினார்களோ அந்தச் சாமியின் பெயரைத்தான் அப்பா மகனுக்கு வைத்தார். பெயரை மாற்றிக்கொள்ளச் சொன்ன நண்பர்களிடம் அப்பா வைத்தது, மாற்ற மாட்டேன் என்று சொல்லியிருக்கிறார் பக்தவத்சலம். ஆனால் கோயில் என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்கு வாசலில் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற அப்பாதான் தெரிவார். ஸ்டீபனின் சாமியோடு அவருக்கு அப்படியொரு வழக்கு இல்லை. வழக்கு இல்லாத இடத்தில் பாட முடிகிறது. இது நியாயமான பதில்தான். ஆனால் பவுனிடம் சொன்னால் அவள் ஒன்று கேட்பாள் என்பதும் தெரிந்தது. கிர்க்கி கோயிலைக் கட்டியது இங்கே வேலைக்கு வந்த அவர்களுடைய ஆட்களேதான். செங்கல் சுமந்தவர்களில் அவளுடைய அப்பாவும் ஒருவர். அங்கே யாரும் யாரையும் நிறுத்தியதில்லை. சாலைக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டது அவராகத்தான்.

ஒத்திகையை விட்டுவிடலாமா என்று இரண்டு நாள் நினைத்தார். மூன்றாம் நாள் கால் தானாக கேம்ப் பஸ்ஸில் ஏறியது. அன்றைக்குத்தான் இருதயராஜ் வந்திருந்தார்.

இருதயராஜ் சபையின் மூப்பர்களில் ஒருவர். எழுபது தாண்டியவர், கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, கையில் கைத்தடி. ஒரு காலத்தில் இதே குழுவில் அடிக்குரல் பாடியவராம். கடைசி வரிசையில் உட்கார்ந்து முழுப் பாட்டையும் கேட்டார். பாட்டின் முடிவு வித்தியாசமானது. மற்ற மூன்று குரல்களும் ஒவ்வொன்றாக அடங்கிவிடும். அடிக்குரல் மட்டும் தனியாக நின்று “நம்புகிறேன்” என்று மூன்று தடவை சொல்லும், ஒவ்வொரு தடவையும் முன்னைவிடத் தாழ்வாக. அந்த இடம் வரும்போதெல்லாம் பக்தவத்சலம் தொண்டையைச் செருமிக்கொள்வதை ஸ்டீபன் கவனித்திருந்தார், கேட்டதில்லை. பாட்டு முடிந்ததும் இருதயராஜ் எழுந்து வந்தார்.

“நல்ல குரலு ஒமக்கு. ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்கிடாதீரும். இத நீரு நம்புதீரா?”

ஸ்டீபன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பக்தவத்சலம் முந்திக்கொண்டார்.

“இல்லீங்க.”

“அப்ப இந்த வார்த்தைய நீரு சொல்லக் கூடாது. மத்ததெல்லாம் கதை. இடையன் வந்தான், குளிர் அடிச்சுதுன்னு கதைய யாரு வேணும்னாலும் சொல்லலாம். இது நம்புதவன் சொல்லுத சாட்சில்லா.”

வங்கி கிளார்க், வெறும் பாட்டுதானே ஐயா என்று ஆரம்பித்தார். பக்தவத்சலத்துக்கு அந்தச் சமாதானம் பிடிக்கவில்லை. அந்த ஹாலில் வார்த்தையை வார்த்தையாக எடுத்துக்கொண்டவர் இந்தக் கிழவர் ஒருவர்தான் என்று தோன்றியது. அவர் மேல் திடீரென்று ஒரு பிரியம் உண்டாயிற்று.

“ஐயா சொல்றதுதான் சரி. எனக்கும் அந்த எடத்துல தொண்டைய அடைக்குது,” என்றார்.

அந்த இடத்தை வெட்டிவிடலாம் என்றார் ஒருவர். ஸ்டீபனின் முகம் சுருங்கியது. அவருடைய அப்பா அந்த முடிவுக்காகத்தான் மற்றதையெல்லாம் எழுதினார் என்று ஷீலா மெதுவாகச் சொன்னார். ஸ்டீபனே பாடலாம் என்றால் அவர் குரல் அவ்வளவு கீழே போகாது. இருதயராஜ் கைத்தடியைச் சுவரில் சாய்த்து வைத்தார். அந்த ஒரு வார்த்தைக்குத் தான் வந்து நிற்பதாகச் சொன்னார். அன்றிலிருந்து நாலு ஒத்திகையிலும் அவர் பக்தவத்சலத்துக்கு வலப்பக்கம் நின்றார். பாட்டு முழுக்கச் சும்மா நிற்பார். கடைசியில் மட்டும் மூச்சை இழுத்து, நடுங்கும் குரலில், அந்தச் சொல்லைப் போடுவார். போட்டுவிட்டு, சரியாக வந்ததா என்று பக்தவத்சலத்தைத்தான் பார்ப்பார்.

கேரல் பாட்டு ஆராதனை கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு. பவுனிடம் அதைச் சொன்னபோது தனக்கு ஓவர்டைம் இருக்கிறது என்றாள். பொய் சொல்கிறாளோ என்று அவருக்குச் சந்தேகம் வந்தது. சந்தேகப்படத் தனக்கு யோக்கியதை இல்லை என்பதும் கூடவே தோன்றியது. வெள்ளைச் சட்டை, கறுப்புப் பேண்ட் என்று ஸ்டீபன் சொல்லியிருந்தார். சட்டையை அவரே பெட்டி போட்டுக்கொண்டு கிளம்பினார்.

சபை நிறைந்திருந்தது. காகித நட்சத்திரங்கள், நாப்தலீன் வாசம் போகாத பட்டுப் புடவைகள், குழந்தைகளின் புதுச் செருப்புச் சத்தம். மேடையேறி நின்றபோது பக்தவத்சலத்துக்குக் கேட் மீட்டிங்கில் ஒருநாளும் வராத பயம் வந்தது. அதே சமயம் சிரிப்பும் வந்தது. எண்ணூறு பேர் முன்னால் கத்தியவனுக்கு ஆறு எண்ணிக்கை ஒரு ஸ்வரம் பிடிக்கப் பயமாக இருக்கிறது. அப்போதுதான் கடைசி பெஞ்சைப் பார்த்தார். தூணை ஒட்டி வெண்ணிலா, அவளுக்குப் பக்கத்தில் பவுன். கம்பெனிப் பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். பிம்ப்ரியிலிருந்து நேராக வந்திருக்கிறாள். ஓவர்டைம் நிஜம்தான்.

ஸ்டீபன் கையைத் தூக்கினார். பெண்கள் ஆரம்பித்தார்கள். கல் கட்டிடத்தில் அது தகரக் கூரை ஹாலில் கேட்டது போல இல்லை. சத்தம் மேலே போய் வளைவுகளில் தங்கி, கொஞ்சம் தாமதித்து, இன்னும் பெரிதாகி இறங்கியது. பக்தவத்சலம் தன் ஸ்வரத்தைப் போட்டார். மொத்தமும் வந்து அவர் மேல் உட்கார்ந்தது. தாங்கினார். தாங்க முடிகிறது என்பதே தலைகால் புரியாத சந்தோஷமாக இருந்தது. மாட்டுக் கொட்டகையும் இடையர்களும் அவர் கண்ணுக்கு முன்னால் வந்து போனார்கள். வந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டார். குளிரில் யாரோ ஒரு ஏழைப் பெண் பிள்ளை பெற்றிருக்கிறாள், பார்க்க நாலு பேர் ஓடி வருகிறார்கள். இதில் சண்டை போட என்ன இருக்கிறது?

பாட்டு முடிவுக்கு வந்தது. பெண்கள் அடங்கினார்கள். நடுக்குரல்கள் அடங்கின. இருதயராஜ் முதல் தடவை அந்தச் சொல்லைச் சொன்னார், தெளிவாக. இரண்டாம் தடவை குரல் உடைந்தது. மூன்றாம் தடவைக்கு மூச்சை இழுத்தார், வரவில்லை. வாய் திறந்திருந்தது. ஸ்டீபனின் கை காற்றில் நின்றது. முதல் வரிசையில் ஒரு பெண் முன்னால் சாய்ந்தாள். பக்தவத்சலம் வாயை மூடிக்கொண்டு, உதடு பிரியாமல், அந்த ஸ்வரத்தை மட்டும் பிடித்தார். சொல் இல்லை. வெறும் முனகல், தரைக்குப் பக்கத்தில். அதை விடாமல் பிடித்துக்கொண்டே நின்றார். கிழவருக்கு அது கேட்டது. நெஞ்சு ஒரு தடவை ஏறி இறங்கியது. பிறகு அந்த முனகலின் மேல், மாடிப்படியில் காலை வைப்பது போல ஜாக்கிரதையாக, தன் சொல்லை வைத்தார். இரண்டும் ஒன்றாக அடங்கின. இருதயராஜ் முன்னால்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் அவருடைய விரல்கள் பக்தவத்சலத்தின் சட்டைக் கையைப் பிடித்திருந்தன. மேடையை விட்டு இறங்கும் வரை விடவில்லை.

வெளியே லாரி தயாராக நின்றது. பலூன், வண்ணக் காகிதம், பேட்டரி விளக்கு. அங்கிருந்து கிர்க்கி, தாபோடி என்று வீடு வீடாகப் பாடப் போகிறார்கள். ஸ்டீபன் வந்து கட்டிப் பிடித்துக்கொண்டார். ஏறு ஏறு என்று மேலேயிருந்து கையை நீட்டினார்கள். பக்தவத்சலம் கேட்டுக்கு அந்தப் பக்கம் பார்த்தார். பவுனும் வெண்ணிலாவும் பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்துகொண்டிருந்தார்கள். கூப்பிட்டிருந்தால் நின்றிருப்பாள், அவர் கூப்பிடவில்லை. லாரியில் இருந்தவர்களிடம் நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஓட்டமும் நடையுமாக அவர்கள் பின்னால் போனார்.

பஸ்ஸில் கூட்டம். பவுனுக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. வெண்ணிலா முன்னால் எங்கோ மாட்டிக்கொண்டாள். பக்தவத்சலம் பவுனுக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்றார். கண்டக்டர் “புடே சலா, புடே சலா” என்று எல்லாரையும் முன்னால் நகரச் சொல்லி நெருக்கிக்கொண்டிருந்தார். ஸ்டேஷன் தாண்டியது. பாட்டு எப்படி இருந்தது என்று கேட்க அவருக்கு நாக்கு துறுதுறுத்தது. பவுன் பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டே, வெளியே பார்த்தபடி கேட்டாள்.

“ஆடிக்கு வருவீங்களா?”

இந்தக் கேள்வியை இருபது வருஷம் அவள் வைத்திருந்தாள் என்பது அவருக்குப் புரிந்தது. நல்ல பதிலாகச் சொல்ல ஆசைப்பட்டார். ஆனால் இன்றைக்குப் பொய் சொல்ல முடியாது.

“நான் கும்புட மாட்டேன் பவுனு.”

“கும்புடவா சொன்னேன்? எம் பக்கத்துல நிக்கத்தான் கேட்டேன்.”

அவர் வாயைத் திறந்தார். அதற்குள் ஜூனா பஜார் சிக்னலில் பஸ் குலுங்கி நின்றது. பக்கத்தில் இன்னொரு வண்டி வந்து உரசுவது போல நின்றது. பலூன்கள் பஸ்ஸின் தகரத்தில் தேய்ந்து கிறீச்சிட்டன. லாரிதான். இருட்டத் தொடங்கியிருந்த சாலையில் பேட்டரி விளக்கு வெளிச்சத்தில் பதினேழு பேரும் அதே பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார்கள். நர்சுகளின் குரல் மேலே ஏறியது, ஷீலாவின் குரல் அதற்குக் கீழே, ஸ்டீபன் கையை வீசி வீசி எண்ணிக்கை போட்டுக்கொண்டிருந்தார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் எதன் மேலும் நிற்காமல், ஒரு முழம் தூக்கியது போல, காற்றில் ஆடியது. பஸ்ஸில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். யாரோ ஒருவர் கை தட்டினார்.

பக்தவத்சலத்தின் கை கம்பியை இறுக்கியது. அவருடைய இடம் வரப்போகிறது. நாலு எண்ணிக்கை, மூன்று. ஜன்னல் கண்ணாடி பாதிதான் திறந்திருந்தது, துருப்பிடித்து மாட்டிக்கொண்டிருந்தது. அவர் பவுனின் தலைக்கு மேலாகக் குனிந்தார். பவுன் அவரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு பையைக் காலடியில் போட்டுவிட்டு, இருக்கையில் ஒரு முழங்காலை ஊன்றி எழுந்து, பகல் முழுக்கக் குப்பி அடுக்கிய இரண்டு கையையும் கண்ணாடியின் விளிம்பில் கொடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு பின்னால் தள்ளினாள்.